பழைய ரேடியோவின் குமிழ் ஏன் கழல மறுக்கிறது, தெரியுமா?

பரணிலிருந்து வால்வு ரேடியோவை இறக்கியாயிற்று. அல்லது யாரோ வீடு காலி செய்யும்போது 1970களின் ஜப்பானிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டது. உள்ளே பார்க்க வேண்டும். அதற்கு முகப்புப் பலகை கழல வேண்டும். பலகை கழல வேண்டுமானால் அதிலுள்ள குமிழ்கள் முதலில் வெளியே வர வேண்டும். வால்யூம் வந்துவிட்டது, பாஸ் வந்துவிட்டது, ட்ரெபிள்? ஊஹூம்! இழுத்தாலும் வரவில்லை, ஆட்டினாலும் அசையவில்லை. கை இடுக்கியைத் தேடுகிறதா? நில்லுங்கள்! மெக்கானிக்குகள் 'நாப்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் அந்தச் சின்னக் குமிழுக்குள் ஒரு போர்க்கப்பலின் கதை இருக்கிறது. ஏவுகணைக்குச் செய்த எண்ணெய் இருக்கிறது. ஆலைத் தொழிலாளர் உயிரைக் காத்த திருகாணி இருக்கிறது. சில சமயம் 230 வோல்ட் எமனும் காத்திருக்கிறான்!

தலையில்லாத திருகாணி உயிர் காக்கப் பிறந்தது, தெரியுமா?

குமிழின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை தெரிகிறதா? உள்ளே எட்டிப் பாருங்கள். தலையே இல்லாத ஒரு குட்டித் திருகாணி புதைந்து கிடக்கும். பெயர் க்ரப் ஸ்குரூ. குமிழைத் தண்டோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். அழகுக்காக அப்படி ஒளித்து வைத்தார்கள் என்றுதானே நினைத்தோம்? இல்லை! நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆலைகளில் கூரையை ஒட்டி நீண்ட இரும்புத் தண்டுகள் நாள் முழுவதும் சுழன்றுகொண்டிருக்கும். அவற்றில் கப்பிகளைப் பிடித்திருந்தவை சதுரத் தலை கொண்ட திருகாணிகள். துருத்திக்கொண்டு சுழலும் அந்தத் தலையில் சட்டைக் கை மாட்டினால் போதும், ஆளையே இழுத்துச் சுருட்டிவிடும். கை போனவர்கள் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டு நகரில், வில்லியம் ஜி. ஆலன் 1910 வாக்கில் அறுகோணக் குழி வைத்த தலையில்லாத் திருகாணிகளைச் செய்து 'பாதுகாப்புத் திருகாணி' என்றே விற்கத் தொடங்கினார். ஆலையில் உயிர் காத்த திருகாணி அப்படியே வரவேற்பறை ரேடியோவுக்குள் குடியேறிவிட்டது. நம் கையில் இருக்கும் 'அலன் கீ' அவர் நினைவாகத்தான்!

கழற்றும் சாவியும் கழலவிடாத பசையும் ஒரே ஊர், தெரியுமா?

சில குமிழ்களில் திருகாணி துருவால் இறுகியிருக்காது, பசையால் இறுகியிருக்கும். அந்தப் பசை வினோதமானது. காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை தண்ணீராகவே ஓடும். காற்றில்லாத இடுக்கில், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே சிக்கினால் கெட்டியாகிவிடும்! 1953இல் இதை உருவாக்கியவர் வெர்னான் க்ரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர். எந்தக் கல்லூரி? அதே ஹார்ட்ஃபோர்டில் உள்ள டிரினிட்டி கல்லூரி! அந்தப் பசைதான் இன்று எல்லா ஒர்க் ஷாப்பிலும் இருக்கும் லாக்டைட். அதன் முரட்டு வகைகள் பிடி விட ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அவ்வளவு சூட்டுக்கு எங்கே போவது? சால்டரிங் அயர்ன் இருக்கிறதே! அதன் நுனியைத் திருகாணியின் குழிக்குள் வைத்துச் சில நொடி பொறுங்கள். குமிழ் சூடாவதற்குள் திருகாணி மட்டும் சூடேறிப் பசை இளகிவிடும்.

இன்னும் ஒரு வியப்பு: கனெக்டிகட்டின் இன்னொரு ஊரான வாட்டர்பரியில் இருந்த பிரிஸ்டல் கம்பெனி, அறுகோணத்துக்குப் பதிலாகப் பல் பல்லாக வெட்டிய குழியுடன் ஒரு திருகாணி செய்தது. காலின்ஸ் ரேடியோ கம்பெனியின் ரிசீவர்களில், ராணுவத்தின் புகழ்பெற்ற ஆர்-390ஏ உட்பட, குமிழ்களைப் பிடித்திருப்பவை இந்தப் பல் திருகாணிகள்தான். அதில் அலன் கீயை நுழைத்தீர்களோ, பற்கள் மழுங்கும். குமிழ் அங்கேயே தங்கும்!

0.09 மில்லிமீட்டர் ஒரு குமிழையே பாழாக்கும், தெரியுமா?

அமெரிக்கக் குமிழ்களில் அதிகம் காணப்படும் ஒரு குழி அளவு 1/16 அங்குலம். அதாவது 1.59 மி.மீ. நம் கையில் இருக்கும் அலன் கீ 1.5 மி.மீ. வித்தியாசம் 0.09 மி.மீ.தான்! சாவி உள்ளே போகிறது, பிடிப்பதாகத் தோன்றுகிறது, கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் வழுக்குகிறது. இன்னொரு முறை திருப்பினால் அறுகோணம் வட்டமாகிவிடுகிறது. கதை முடிந்தது! ஆகவே அமெரிக்கக் கருவி என்றால் அங்குல அளவுச் சாவி, ஜப்பானியக் கருவி என்றால் பெரும்பாலும் மில்லிமீட்டர் சாவி. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் ஹார்டுவேர் கடையிலோ 'இன்ச் அலன் கீ செட்' என்றே கேட்டு வாங்குங்கள். விலை மலிவு, குமிழ் கிடைக்காது.

குழி ஏற்கெனவே வட்டமாகிவிட்டதா? அதற்கும் வழி உண்டு. சற்றே பெரிய நட்சத்திர முனை பிட் ஒன்றை லேசாகத் தட்டிக் குழிக்குள் இறக்குங்கள். அது தனக்கு வேண்டிய பிடியைத் தானே வெட்டிக்கொள்ளும்.

பிரிட்டிஷ் திருகாணி ரகசியமாக மெட்ரிக், தெரியுமா?

அங்குலத்தையும் பவுண்டையும் கட்டிக்கொண்டு அழுத நாடு பிரிட்டன். ஆனால் அந்நாட்டுப் பழைய ரேடியோக் குமிழ்களில் இருக்கும் பி.ஏ. வகைத் திருகாணி மில்லிமீட்டர் கணக்கில் பிறந்தது! சுவிட்சர்லாந்தின் தூரி என்பவர் வகுத்த முறையைத் தழுவி, 1884இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் பரிந்துரைத்தது இது. இதன் கணக்கே தனி அழகு. பூஜ்ஜிய எண் திருகாணியின் மரை இடைவெளி 1 மி.மீ. அடுத்தடுத்த எண்ணுக்குப் போகப் போக, முந்தையதில் 0.9 பங்கு. எண் கூடக் கூடத் திருகாணி சிறுத்துக்கொண்டே போகும்! குமிழ்களில் அடிக்கடி வரும் 4 பி.ஏ.வின் விட்டம் 3.6 மி.மீ. இன்றைய கடையில் கிடைக்கும் 3.5 அல்லது 4 மி.மீ. திருகாணியை அதில் வம்படியாக ஏற்றினால் குமிழின் மரை போய்விடும். கழற்றிய திருகாணியைத் தொலைக்காதீர்கள் என்று பெரிய மெக்கானிக்குகள் ஏன் கத்துகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

திருகாணிக்கு அடியில் இன்னொரு திருகாணி! தெரியுமா?

திருகாணியை முழுவதும் எடுத்தாயிற்று, கையிலேயே இருக்கிறது. குமிழ் மட்டும் வரவில்லை. மாயமா மந்திரமா? டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். அதே துளையின் ஆழத்தில் இன்னொரு திருகாணி படுத்திருக்கலாம்! அதிர்வில் கழலக் கூடாதென்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைப்பது பழைய நுட்பம். மேலே இருப்பது காவலாளி, கீழே இருப்பதுதான் பிடித்திருக்கும் ஆள். அதுவும் இல்லையென்றால் குமிழைச் சுற்றிப் பாருங்கள். செங்கோணத்தில் தள்ளி இரண்டாவது துளை அழுக்கு மூடிக் கிடக்கும்.

சில குமிழ்களை இழுக்கக் கூடாது, அமுக்க வேண்டும், தெரியுமா?

பக்கவாட்டில் துளையே இல்லாத குமிழும் உண்டு. அதில் இரண்டு வகை. ஒன்று, உள்ளே எஃகு வில் வைத்து, ஒரு பக்கம் தட்டையாகச் சீவிய தண்டில் செருகியது. நேராக இழுத்தால் வந்துவிடும். இன்னொன்றுதான் வில்லங்கம்! குமிழின் நெற்றியில் இருக்கும் வட்ட மூடியை மெல்லிய பிளேடால் நெம்பினால் அது தனியே வரும். அடியில் ஒரு நட்டோ திருகாணியோ இருக்கும். அது தண்டைச் சுற்றியுள்ள, பிளவுபட்ட கூம்பு ஒன்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது. இதற்குக் காலெட் வகை என்று பெயர். நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். இப்போது இழுத்தால்? கூம்பின் பிடி அப்படியே இருப்பதால் வராது! தளர்த்திய நட்டை உள்நோக்கி அமுக்கியோ லேசாகத் தட்டியோ விடுங்கள். 'டிக்' என்று பிடி விடும். குமிழ் தானாகக் கையோடு வரும்.

பிடித்திருப்பது திருகாணி அல்ல, அது விட்டுப்போன தழும்பு! தெரியுமா?

கழலாத குமிழ்களில் பாதி மர்மம் இங்கேதான். எஃகுத் திருகாணியின் கூரிய முனை மென்மையான பித்தளைத் தண்டில் ஆண்டாண்டாக அழுந்துகிறது. அழுந்திய இடத்தில் குழி விழுகிறது. குழியிலிருந்து பிதுங்கிய உலோகம் எங்கே போகும்? குழியின் விளிம்பில் மேடாக எழுந்து நிற்கும். குமிழின் துளைக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைவிட அந்த மேடு உயரமாகிவிட்டால்? திருகாணியைக் கழற்றி எறிந்தாலும் குமிழ் நகராது!

பல தண்டுகளில் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவி வைத்திருப்பது ஏன் என்று இப்போது சொல்லுங்கள். வழுக்காமல் இருக்க என்பது ஒரு காரணம். தட்டைப் பகுதியில் விழும் தழும்பு எவ்வளவு எழும்பினாலும் தண்டின் வட்டத்துக்கு வெளியே வராது, கழற்றும்போது வழி மறிக்காது என்பது இன்னொன்று. அந்தச் சீவலில் அடுத்த தலைமுறை மெக்கானிக்கின் வசதியும் அடங்கியிருக்கிறது!

முழு உருளைத் தண்டு என்றால் என்ன செய்வது? ஒரே வீச்சில் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க மேடு உழவு சால் கீறிக்கொண்டே வரும், இன்னும் இறுகும். ஒரு துளி எண்ணெய் விட்டு, அரை மில்லிமீட்டர் வெளியே, திரும்பவும் உள்ளே, மீண்டும் வெளியே என்று முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மேடு தேய்ந்து வழிவிடும். வெளியே வந்ததும் தண்டை அரத்தால் நாலு இழு இழுத்துச் சமமாக்கிவிடுங்கள்.

உங்கள் குமிழுக்கும் 1761ஆம் ஆண்டுப் போர்க்கப்பலுக்கும் ஒரே நோய், தெரியுமா?

மரக்கப்பலின் அடிப்பாகத்தைக் கடல் புழு அரிக்கிறதே என்று பிரிட்டிஷ் கடற்படை 1761இல் எச்.எம்.எஸ். அலார்ம் என்ற கப்பலுக்குச் செப்புத் தகடு போர்த்தியது. கரீபியன் கடல் பக்கம் போய்வந்த கப்பலை 1763இல் சோதித்தால், செம்பு பத்திரம். ஆனால் அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கரைந்து போயிருந்தன! எந்த ஆணிக்கும் செம்புக்கும் நடுவே பழுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்ததோ, அந்த ஆணி மட்டும் தப்பியிருந்தது. இரண்டு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகிறது. இரண்டில் இளைத்த உலோகம் அரிபடுகிறது.

உங்கள் ஆம்ப்ளிஃபயரில் அலுமினியக் குமிழ், பித்தளைத் தண்டு, எஃகுத் திருகாணி. மூன்று உலோகங்கள்! கடற்கரை ஊரின் உப்புக் காற்று வேறு. இங்கே பலியாவது அலுமினியம். அது அரிபட்டு வெள்ளைப் பொடியாகித் துளையை அடைத்துக்கொள்கிறது. இரும்பு துருப்பிடித்தால் நிலைமை இன்னும் மோசம். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். இடமே இல்லாத மரைக்குள் அவ்வளவு துரு நெருக்கினால் இறுகாமல் என்ன செய்யும்?

இதற்கு ஒரு தந்திரம். துருப்பிடித்த திருகாணியை முதலில் தளர்த்தாதீர்கள், இறுக்குங்கள்! ஒரு மயிரிழை அளவு இறுக்கினால் துருவின் பிடி முறியும். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினால் வரும்.

உலோகத்துக்கே நோய் வந்து ஊதிப்போகும், தெரியுமா?

1930களுக்கு முந்தைய சில ரேடியோக்களில் ட்யூனிங் பாகங்களையும் குமிழுக்குள் இருக்கும் உலோக உறைகளையும் துத்தநாகக் கலவையில் வார்த்தார்கள். அந்தக் கலவையில் துளி ஈயம் கலந்திருந்தால் போதும். பல ஆண்டுகள் கழித்து, ஈரக்காற்றில், உள்ளுக்குள்ளேயே படிகங்களின் இடுக்குகள் அரிக்கத் தொடங்கும். உலோகம் வெடிக்கும், வளையும், எல்லாவற்றுக்கும் மேலாக ஊதும்! உறை ஊதித் தண்டை நெரித்துவிட்டால் அங்கே துருவும் இல்லை, பசையும் இல்லை. எந்த எண்ணெயும் பலிக்காது. 'ஜிங்க் பெஸ்ட்' என்று பெயர் பெற்ற இந்த நோய்க்கு மருந்து கண்டவர்கள் நியூஜெர்சி ஜிங்க் கம்பெனியார். 99.99 சதவீதம் தூய துத்தநாகத்தில் செய்த ஜமாக் கலவையை 1929இல் கொண்டுவந்தார்கள். உங்கள் குமிழின் உள்ளுறையில் மெல்லிய வெடிப்புகள் வலை பின்னியிருந்தால் இழுக்காதீர்கள், கையோடு பொடியாகிவிடும்.

எண்ணெய் மேல்நோக்கி ஏறும், அதுவும் 30 செ.மீ.! தெரியுமா?

இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் திரவம் தானாக ஏறும் என்பது 1718இல் ஜேம்ஸ் ஜூரின் கண்ட விதி. குமிழுக்கும் தண்டுக்கும் நடுவே 0.02 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மெல்லிய எண்ணெய் அந்த இடுக்கில், கணக்குப்படி, 30 செ.மீ. வரை புவியீர்ப்பை மீறி ஏறும்! குமிழின் நீளமோ இரண்டு செ.மீ. கூட இல்லை. ஆகவே குப்பியைக் கவிழ்க்க வேண்டியதே இல்லை. பல்குத்தும் குச்சி நுனியில் ஒரு துளி எடுத்து வையுங்கள், ஓரிரவு விடுங்கள், போதும்.

ஆனால் அதே காரணத்தால்தான் ஆபத்தும்! ஏறும் எண்ணெய் குமிழோடு நிற்காது. தண்டு வழியே வால்யூம் கண்ட்ரோலுக்குள் போய் அங்கிருக்கும் கிரீஸைக் கரைத்துக் கார்பன் தடத்தில் பரவிவிடும். செட்டை முகம் கீழே பார்க்கச் சாய்த்து வைத்துக்கொண்டு எண்ணெய் விடுவது நல்லது.

எந்த எண்ணெய்? ஊரெல்லாம் இருக்கும் டபிள்யூடி-40, 1953இல் சான் டியேகோவின் ராக்கெட் கெமிக்கல் கம்பெனியில் நாற்பதாவது முயற்சியில் கைகூடிய கலவை. அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டில் ஈரம் அண்டாமல் காக்கச் செய்தது! குமிழின் இடுக்கில் ஒரு துளி வைக்கலாம். வால்யூம் கண்ட்ரோலுக்குள் பீய்ச்சாதீர்கள். அதற்கென்று கான்டாக்ட் கிளீனர் தனியே விற்கிறார்கள். தேங்காய் எண்ணெயா? வேண்டவே வேண்டாம்! 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் பிசினாகும். கதவுக் கீலுக்குச் சரி, ரேடியோவுக்கு ஆகாது.

நாலு மைக்ரான் போதும், தெரியுமா?

அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 6.35 மி.மீ. எஃகுத் தண்டில் இறுகிய அலுமினியக் குமிழை, தண்டோடு சேர்த்தே 60 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினாலும், தண்டைவிடக் குமிழின் துளை சுமார் 4 மைக்ரான் அதிகம் அகலும். ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத இந்த வித்தியாசம் துருவின் பிடியை முறிக்கப் போதும்! முடி உலர்த்தும் டிரையர் தாராளம். சூட்டோடு ஒரு துளி எண்ணெய் வையுங்கள். ஆறும்போது இடுக்கு அதை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

பிளாஸ்டிக் குமிழ் என்றால் எச்சரிக்கை. பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லேண்ட் 1907இல் நியூயார்க் அருகே யாங்கர்ஸில் கண்டுபிடித்த பேக்கலைட் ஒருமுறை இறுகினால் பிறகு எந்தச் சூட்டிலும் உருகாது. ஆனால் அடித்தால் கண்ணாடியாய் நொறுங்கும். பின்னால் வந்த பாலிஸ்டைரீன் குமிழோ 100 டிகிரியை நெருங்கும்போதே இளகும். அசிட்டோன் பட்டால் கரைந்தே போகும்!

அழுக்கென்று நீங்கள் சுரண்டுவது உயிர்க்கவசம், தெரியுமா?

இதைப் படிக்காமல் எந்த வால்வு ரேடியோவிலும் கை வைக்காதீர்கள். 1930, 40களில் சில பகுதிகளில் வீட்டுக்கு வந்தது ஏசி மின்சாரம், சில பகுதிகளில் டிசி. லண்டன் மாநகருக்குள்ளேயே இரண்டும் இருந்தன. வீடு மாறினால் ரேடியோவையும் மாற்றுவதா? அதற்காக இரண்டிலும் ஓடும் 'ஏசி/டிசி' செட்டுகள் வந்தன. அவற்றில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வால்வுகளின் சூடேற்றும் இழைகளை வரிசையாகக் கோத்து நேரே மெயினில் மாட்டினார்கள். விளைவு? உள்ளே இருக்கும் உலோகச் சட்டமான சாசியே மெயினின் ஒரு முனை! இருமுனை பிளக்கை ஒரு விதமாகச் செருகினால் சாசி நியூட்ரல். திருப்பிச் செருகினால் அதே சாசியில் 230 வோல்ட்!

சாசியோடு சேர்ந்தது வால்யூம் கண்ட்ரோலின் தண்டு. தண்டைத் தொட்டு நிற்பது க்ரப் ஸ்குரூ. ஆக, உங்கள் விரலுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே இருப்பவை இரண்டே இரண்டு: பேக்கலைட் குமிழ், அதன் திருகாணித் துளையை அடைத்து ஊற்றிய ஒரு பொட்டு மெழுகு. துளையில் ஏதோ அழுக்கு என்று சுரண்டிப் போட்டோமே, அந்த மெழுகுதான்! சுரண்டாமல் திருகாணியை எட்ட முடியாது, உண்மை. திரும்ப மாட்டும்போது மெழுகை ஊற்றி அடைப்பதுதான் மறக்கக் கூடாத வேலை. குமிழ் உடைந்துவிட்டதென்று பளபளக்கும் உலோகக் குமிழை இந்த செட்டுகளில் மாட்டவே கூடாது. கழற்றத் தொடங்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்; ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் சில நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

போர்க்கால ரேடியோவில் ரேடியம், தெரியுமா?

இரண்டாம் உலகப் போர்க்கால விமான, ராணுவக் கருவிகள் சிலவற்றில் இருட்டிலும் தெரியட்டும் என்று குமிழ்க் குறிகளுக்கு ரேடியம் கலந்த பெயின்ட் பூசியிருந்தார்கள். இன்று அது ஒளிராது. ஆகவே தீங்கில்லை என்று நினைத்தால் தவறு! சோர்ந்தது ஒளிரும் துத்தநாகச் சல்பைடு மட்டுமே. ரேடியம்-226இன் அரையாயுள் 1,600 ஆண்டுகள். அது இன்னும் ஏறத்தாழ முழு வீரியத்தோடு இருக்கிறது. அப்படிப்பட்ட பழுப்பேறிய பூச்சைச் சுரண்டக் கூடாது, உப்புத்தாள் போடக் கூடாது. பழைய பேக்கலைட் வகைகள் சிலவற்றில் கல்நாரும் கலந்திருந்தது. ஆகவே குமிழைத் துளைத்துப் பொடி பறக்கவிடுவதும் வேண்டாம்.

ஷூ லேஸ் இடுக்கியை வெல்லும், தெரியுமா?

திருகாணி போயிற்று, எண்ணெய் இறங்கிற்று, சூடும் காட்டியாயிற்று. இப்போது இழுக்கலாம். எதனால்? ஷூ லேஸால்! குமிழுக்கும் பலகைக்கும் நடுவே லேஸை நுழைத்து, பின்பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்து நேராக முன்னோக்கி இழுங்கள். விசை குமிழின் அடியைச் சுற்றிச் சமமாகப் பரவும். கீறலும் விழாது, விளிம்பும் உடையாது. ஸ்குரூ டிரைவரை ஒரு பக்கம் கொடுத்து நெம்பினால் அந்த ஒரு பக்கத்தில்தான் விரிசல் விடும், பலகையிலும் காயம் படும். நெம்பியே ஆக வேண்டுமானால் பழைய ஏடிஎம் கார்டைப் பலகை மேல் வைத்து, எதிரெதிரே இரண்டு கரண்டிகளால் ஒரே நேரத்தில் நெம்புங்கள். அதற்கும் மசியாத உலோகக் குமிழுக்கு, கார் வைப்பர் கையைக் கழற்றும் சின்னப் புல்லர் கச்சிதமாகப் பொருந்தும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தண்டைக் கண்ட்ரோலுக்குள் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரு மெல்லிய கிளிப்தான். மூர்க்கமாக இழுத்தால் குமிழுக்குப் பதில் தண்டே கையோடு வந்துவிடும்!

கழலாத குமிழ் வேறு, சுழலாத குமிழ் வேறு, தெரியுமா?

குமிழ் கழன்றது, தண்டு மட்டும் திரும்பவில்லையா? அது வேறு நோய். 1970களின் ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருப்பும்போது வழவழவென்று ஒரு கனம் தெரியுமே, அந்தச் சுகத்துக்காகவே தண்டின் உறைக்குள் கெட்டிக் கிரீஸ் வைத்தார்கள். ஐம்பது ஆண்டுகளில் அதன் எண்ணெய் வற்றி மெழுகுக் கட்டியாகிவிட்டது. ட்யூனிங் குமிழில் சிக்கினால், ஃப்ளைவீலின் தண்டு சுழலும் உறையிலும் இதே கதைதான். பலம் காட்டினால் டயல் நூல் அறுந்துவிடும். லேசாகச் சூடு காட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துளித்துளியாக விட்டுப் பழைய கிரீஸைக் கரைத்து எடுத்துவிட்டுப் புதுக் கிரீஸ் வையுங்கள். அப்போது டயல் கண்ணாடியின் எழுத்துகள் பக்கம் ஈரத் துணியைக் கொண்டுபோகாதீர்கள். பல செட்டுகளில் அந்த எழுத்துகள் ஒரே துடைப்பில் அழிந்துவிடும்!

கடைசியில் பலியிட வேண்டியது குமிழை அல்ல, தெரியுமா?

எதற்குமே மசியவில்லை, ஒன்றை வெட்டித்தான் ஆக வேண்டும் என்று வந்துவிட்டால் எதை வெட்டுவீர்கள்? குமிழைத்தான் என்று கை போகும். தப்பு! 6.35 மி.மீ. தண்டு வைத்த சாதாரண வால்யூம் கண்ட்ரோல் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. 1950இன் குமிழ் பெரும்பாலும் இனிச் செய்யப்படுவதில்லை. ஆகவே குமிழுக்கும் பலகைக்கும் நடுவே ஹாக்ஸா பிளேடை விட்டுத் தண்டை அறுங்கள், குமிழைக் காப்பாற்றுங்கள். ஒரு விதிவிலக்கு: நாலு அடுக்கு, நடு இணைப்பு என்று அந்த மாடலுக்கென்றே செய்த கண்ட்ரோல் என்றால் அதுவும் கிடைக்காது. அங்கே இன்னும் ஒரு வாரம் எண்ணெய் விட்டுக் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

வாங்கும்போது இன்னொன்று கவனியுங்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் தண்டுகள் பெரும்பாலும் 6.35 மி.மீ.; ஜப்பான், ஐரோப்பா பக்கம் 6 மி.மீ. பல. ஆறு மி.மீ. குமிழை 6.35 தண்டில் தட்டி ஏற்றியவர்களின் கைவண்ணம்தான் இன்று நாம் கழற்ற முடியாமல் தவிக்கும் குமிழ்களில் சில! வால்யூமுக்கு 'லாக்' (லாகரிதம்) வகைதான் வேண்டும் என்றும் சொல்லி வாங்குங்கள். அதில் குமிழ் நடுவில் நின்றால் பாதி அளவு போகாது, 10 முதல் 20 சதவீதம்தான் போகும். நம் காது ஒலியைக் கூட்டிக் கேட்பதில்லை, பெருக்கிக் கேட்கிறது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

இத்தனையும் படித்த பிறகு தீர்ப்பு ஒன்றுதான். கழலாத குமிழ் எதுவும் பலக்குறைவால் நின்றதில்லை. பிடித்திருப்பது எதுவென்று பார்க்காததால் நின்றது. பிளக்கைப் பிடுங்குங்கள், டார்ச் அடித்துப் பாருங்கள், சரியான சாவியைத் தேடுங்கள், எண்ணெய்க்கு ஓர் இரவு அவகாசம் கொடுங்கள். இடுக்கி கடைசி வரை பெட்டியிலேயே இருக்கட்டும். திரும்ப மாட்டும்போது தழும்பை அரம் போட்டு, திருகாணி மரையில் ஒரு பொட்டு கிரீஸ் தடவி, மெழுகு இருந்த துளையை மறுபடி மெழுகால் அடைத்துவிடுங்கள். இன்னும் முப்பது ஆண்டு கழித்து அதைக் கழற்றப் போகிறவருக்கு நீங்கள் செய்யும் உபகாரம் அது.